எழுபத்தெட்டே கால், இருபத்தொன்பதரை

1

“என் புத்தகத்தைக் குடுங்க சார்.”

கேட்டேவிட்டாள். இதை மட்டும் கேட்கக் கூடாது என்று அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். ஆய்வு மாணவியாக அந்தத் துறையில் சேர்ந்த முதல் நாளே, ஒன்பது வருஷமாக ஒரே ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருக்கும் மூத்த மாணவர் ஒருவர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு மூன்று விதிகளைச் சொன்னார். (அவரை எல்லோரும் அடிக்குறிப்பு அண்ணன் என்பார்கள். அவருடைய ஆய்வேட்டில் மேலே நாலு வரி இருந்தால் கீழே நாற்பது வரி இருக்கும்.)

“சார் நாற்காலியில உக்காராதே. சார் ஜோக் சொன்னா, முடியறதுக்கு முன்னாடி சிரிக்காதே. சார் வாங்கிட்டுப் போன புத்தகத்தைத் திருப்பிக் கேக்காதே. மொத ரெண்டுக்கும் மன்னிப்பு உண்டும்மா.”

புதன்கிழமை, காலை பதினொரு மணி. பேராசிரியரின் அறை. அதன் கதவு கொஞ்சம் சரிந்து தரையை உரசும். கைப்பிடியைப் பிடித்துத் தூக்கித் தள்ளினால்தான் திறக்கும். தூக்கித் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். தோளில் ஒரு காலிப் பை. வணக்கம்கூடச் சொல்லவில்லை.

[இந்தக் காட்சியை இங்கேயே நிறுத்தி வைக்கிறேன். பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கட்டும். பதில் சொல்ல நேரம் எடுத்துக்கொள்கிறவர் அவர். அதற்குள் உங்களிடம் நான் ஒன்றை ஒப்புக்கொண்டாக வேண்டும்.]

2

இந்தக் கதை என் அலமாரியில் இருந்த ஓர் ஓட்டையிலிருந்து வந்தது.

இரண்டாம் தட்டில், தடித்த பச்சை அட்டைக்கும் அட்டையே இல்லாத ஒன்றுக்கும் நடுவில், ஒரு விரல் அகலத்துக்கு ஓர் இடைவெளி. மூன்று வருஷமாக அதில் வேறு புத்தகத்தை வைக்கவில்லை. பல் விழுந்த இடத்துக்கு நாக்கு போவது மாதிரி, தூசி துடைக்கும்போதெல்லாம் கை அங்கேயே போகும். (அந்த ஓட்டை இன்னமும் இருக்கிறதா என்று கேட்காதீர்கள். கதையைப் பாதியில் கறக்கப் பார்க்கிறீர்கள்.)

முதலில் இதை ஒரு கட்டுரையாகத்தான் எழுத உட்கார்ந்தேன். அலமாரியும் நினைவுகளும் என்று இதமாக ஏதோ ஒன்று. தொடக்கங்கள் கீழே கிடக்கின்றன. மிதித்துவிடாமல் தாண்டி வாருங்கள்.

என் புத்தகங்களைத் திறந்தால் மழை மணக்கும், அந்த மணத்தில்— [பொய். பூஞ்சை மணக்கும்.]

புத்தகங்களே என் நண்பர்கள், அவை ஒருபோதும்— [என் நண்பர்கள் யாரும் இவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டு நின்றதில்லை.]

என் அப்பா ஒரு தச்சர், அவர்—

மூன்றாவதை நான் அடிக்கவில்லை. அதுவே நின்றுவிட்டது. ‘நான்’ என்று எழுதினால் விரல் கட்டையாகிறது. ‘அவள்’ என்று எழுதினால் ஓடுகிறது. ஆகவே அவள். அவள் நான் இல்லை. உயரம் ஒன்று, செருப்பு அளவு ஒன்று, கோபம் ஒன்று. மற்றபடி முழுக்க வேறு ஆள்.

3

அவளுடைய அப்பா தச்சர். இடிக்கிற வீடுகளில் பழைய மரம் எடுக்கப் போவார். சில வீடுகளில் மரத்தோடு ஒரு பெட்டிப் புத்தகமும் வேண்டாத சாமானாகக் கிடக்கும். “படிக்கிற பொண்ணு இருக்குங்க” என்று கேட்டு வாங்கி, பலகைகளின் மேல் கயிறு போட்டுக் கட்டிக் கொண்டுவருவார். அந்த வீட்டில் அவளுக்கு முன்னால் யாரும் எட்டாம் வகுப்பைத் தாண்டியதில்லை. அவள் வாசித்த முதல் பதினொரு புத்தகங்களும் அந்த வீட்டுக்கு மரத்தின் மேல் உட்கார்ந்துதான் வந்தன.

வந்த புத்தகங்களுக்கு ஒரு வாடகை உண்டு. அளவு எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வரும் அப்பாவுக்கு, மறப்பதற்குள் எழுதிவைக்க வேண்டும். வேறு காகிதம் வீட்டில் கிடையாது. காதிலிருந்து பட்டைப் பென்சிலை எடுப்பார். கைக்கு எட்டிய புத்தகத்தின் கடைசி வெற்றுப் பக்கத்தைத் திருப்பி, அழுத்தி எழுதுவார். அவள் சண்டை போடுவாள்.

“மொதப் பக்கம் உனக்கு, கடைசிப் பக்கம் எனக்கு. நடுவுல இருக்கிற எல்லாமே உனக்குத்தானே பாப்பா? இதைவிட நியாயம் வேணுமா?”

அதனால் அந்த வீட்டில் எந்தப் புத்தகத்துக்கும் அதன் தலைப்பு ஒட்டவில்லை. ராணிகளின் வரலாறு ஒன்று இருந்தது. கடைசிப் பக்கத்தில் ஒரு வாசற்காலின் அளவு இருந்ததால் அதன் பெயர் ‘டாக்டர் வீட்டு நிலை’. ஓர் இலக்கணப் புத்தகத்துக்கு ‘ரெண்டு ஜன்னல்’. “டாக்டர் வீட்டு நிலை மேல பல்லி ஓடுது, எடுத்துத் தட்டு” என்பாள் அம்மா. துப்பறியும் கதை ஒன்றில் கடைசி அத்தியாயம் கிழிந்துபோயிருந்தது. கொலைகாரன் யாரென்று அவளுக்கு இன்றுவரை தெரியாது; ஆனால் பள்ளிக்கூடத்து பெஞ்சு ஆறடி நீளம், பதினோரு அங்குல அகலம். ஒரு காதல் கதையின் முடிவில் நாயகி செத்துப்போவாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தைப் புரட்டினால், ‘சமையலறை ஜன்னல், ரெண்டு கதவு, கீல் வலப்பக்கம்’ என்று இருக்கும். அதற்குமேல் எப்படி அழுவது?

பெரிய படிப்பாளிகள் தங்கள் புத்தகங்களைப் பற்றி எழுதும்போது, எந்த மர நிழலில் வாசித்தார்கள், எந்த மேகம் போனது என்றெல்லாம் நினைவு வைத்திருக்கிறார்கள். இவளுக்கு நினைவில் இருப்பதெல்லாம் பிறத்தியார் வீட்டுக் கதவுகள்.

4

[இந்தப் பகுதியை ஏழு தடவை எழுதினேன். இது சின்னதாக இருப்பதற்கு அதுதான் காரணம்.]

அவளுக்குப் பதிமூன்று வயது. ஒரு கப்பல் சமையல்காரரின் பயணக் குறிப்புகள், ஏதோ மொழியிலிருந்து பெயர்த்தது, மரத்தோடு வந்தது. அதை நாலு தடவை வாசித்தாள். முதல் பக்கத்தில் தன் பெயரை எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டாள். அப்பாவிடம் சொல்லியும் வைத்தாள்: “இதுல மட்டும் எழுதாதப்பா.” அவரும் தலையை ஆட்டினார்.

ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து திறந்தால், கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கிறது. வங்கி மேலாளர் வீடு, குளியலறைக் கதவு. உயரம் எழுபத்தெட்டே கால். அகலம் இருபத்தொன்பதரை.

ரப்பரை எடுத்தேன்.

[எடுத்தாள். திருத்திவிட்டேன், நீங்கள் பார்க்கவில்லை.]

எடுத்தாள். பக்கம் கிழியாத அளவுக்கு, ஆனால் கிழித்தால் என்ன என்கிற கோபத்தோடு அழித்தாள். துகளை ஊதிவிட்டு, புத்தகத்தைப் பழைய இடத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை அப்பா அந்தப் பக்கத்தைத் திருப்பினார். வெள்ளையாக இருந்தது. புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். “எழுதினதா நெனைச்சேன்,” என்றார். “எழுதல போலிருக்கு. வயசாகுது.” அவருக்கு அப்போது நாற்பத்து மூன்று. வாசலில் சடை பின்னிக்கொண்டிருந்தவளுக்கு இது கேட்டது. அவள் பின்னலை முடித்தாள், ரிப்பன் கட்டினாள், பள்ளிக்கூடம் போனாள்.

மேலாளர் ஊரில் இல்லை, வீடு பூட்டியிருந்தது. மறுபடி அளக்க வழியில்லாமல் அப்பா மனக்கணக்கில் அறுத்தார். அகலம் இருபத்தேழரை. கதவை நிலையில் பொருத்தியபோது பக்கத்தில் இரண்டு அங்குலத்துக்கு வெளிச்சம் நின்றது. மேலாளர் அந்தச் சந்துக்குள் கையை விட்டுக் காட்டி, “உள்ள இருக்கிறவங்களுக்குக் காத்து வரணும்னு செஞ்சீங்களா?” என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். அந்தக் கதவு வீட்டுக்கே திரும்பி வந்தது. நாலாக அறுத்து அவளுக்கு ஓர் அலமாரி செய்தார்.

ஆமாம், அந்த அலமாரிதான்.

அதற்குப் பிறகு எதையும் மூன்று தடவை அளந்தார். பட்டறையில் அவருக்கு ‘மூணுதடவை’ என்றே பெயர் வைத்தார்கள். கொஞ்ச நாளில் கதவு வேலையையே விட்டுவிட்டார். முக்காலி, பெஞ்சு, சாமான் தட்டு, இப்படி இரண்டு அங்குலம் கூடக் குறைய இருந்தாலும் யாரும் கையை விட்டுக் காட்ட முடியாத சாமான்கள் மட்டும். “கதவு என் கைக்கு ஒத்து வரல” என்பார்.

அவள் பன்னிரண்டு வருஷம் வாயைத் திறக்கவில்லை. முதலில் பயத்தால். அப்புறம் பழக்கத்தால். அப்புறம் பட்டதாரி ஆகிவிட்டதால்.

5

அப்படிப்பட்ட புத்தகத்தை ஏன் இன்னொருவருக்குக் கொடுத்தாள் என்று கேட்கிறீர்களா? நீங்கள் ஆய்வு மாணவியாக இருந்ததில்லை.

துறையின் தாழ்வாரத்தில் அதை வாசித்துக்கொண்டிருந்தாள். பேராசிரியர் பார்த்துவிட்டார். “அட, இது இப்ப அச்சுலயே இல்லியே! ரெண்டு நாள் குடும்மா.” அந்த இரண்டு நாள் முடிந்து போன மாதத்தோடு மூன்று வருஷம்.

அவர் திருடர் இல்லை. [முதல் வரைவில் திருடராகத்தான் வைத்திருந்தேன். ஒரு தொப்பையும் கொடுத்திருந்தேன். ஆனால் அவர் ஒல்லி. மாணவர்கள் யாருக்காவது காய்ச்சல் என்றால் மாத்திரை வாங்கிக்கொண்டு வருகிற ஆள். தொப்பையைப் பிடுங்கிவிட்டேன்.] அவரால் ஒரு புத்தகத்தைக் கையில் எடுத்தால் கீழே வைக்க முடியாது, அவ்வளவுதான். போன கோடையில் இரண்டு புது மாணவர்களை விட்டு, அலமாரியில் இருந்த அத்தனை புத்தகங்களிலும் ‘இந்நூல் பேராசிரியரின் நூலகத்தைச் சேர்ந்தது’ என்று சீட்டு ஒட்டச் சொன்னார். அவர்கள் தொலைபேசிப் புத்தகத்துக்கும் நாட்காட்டிக்கும்கூட ஒட்டிவிட்டுப் போனார்கள்.

சீட்டு ஒட்டி முடிந்ததும் ஒரு பத்திரிகையில் தொடர் ஆரம்பித்தார். மாதம் ஒரு புத்தகம், அதோடு ஒட்டிய ஒரு நினைவு. அவர் கையெழுத்து, தூறலில் நடந்த எறும்பு மாதிரி இருக்கும். அவளால் மட்டும்தான் அதைப் படிக்க முடியும் என்பதால், தட்டச்சு செய்வது அவள் வேலை. கட்டுரைகள் நன்றாகவே இருந்தன. எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தாலும் சொல்கிறேன். ஐந்தாவது மாதம் வந்தது அடிக்குறிப்பு அண்ணனின் புத்தகம். மாணவப் பருவத்தில் பெருமழையில் நனைந்தபடி அதை வாங்கியதாகப் பேராசிரியர் எழுதியிருந்தார். உண்மையில் அது அண்ணனின் அறைக்கூரை ஒழுகி நனைந்த புத்தகம். தட்டச்சுப் பிரதியைப் படித்த அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது.

“எவ்வளவு அழகா நனைஞ்சிருக்கு பாரும்மா.”

“அண்ணே, அது உங்க புத்தகம்.”

“என் கிட்ட இருந்தப்ப வெறும் ஈரம்மா அது.”

ஒன்பதாவது மாதம் வந்தது, கப்பல் சமையல்காரர்.

பாதிக் கட்டுரையைத் தட்டிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது. பழைய புத்தகக் கடை ஒன்றில் அதைக் கண்டெடுத்ததாக எழுதியிருந்தார். பிறகு: ‘கடைசிப் பக்கத்தை விளக்குக்கு நேரே சாய்த்துப் பிடித்தேன். யாரோ எழுதி, யாரோ அழித்த தடம். எழுபத்தெட்டே கால்; இருபத்தொன்பதரை. யாரோ ஒரு காதலன். எழுபத்தெட்டே கால் மைல் தொலைவில் அவன் காதலி. இருபத்தொன்பதரை அவள் வயதாக இருக்கலாம். ஏன் அழித்தான்? பிரிந்தார்களா? அழித்தும் அழியாததுதானே அன்பு?’

அவள் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள்.

தடம் இருக்கிறது. இதுதான் அவள் மண்டையில் முதலில் அடித்தது. அப்பாவின் பென்சில் அழுத்தம் இன்னமும் அந்தப் பக்கத்தில் இருக்கிறது. பதிமூன்று வயதில் அழித்தபோது அவளுக்கு அது தெரியாது. அழித்தால் அழிந்துவிடும் என்றே நினைத்திருந்தாள். அந்தப் பக்கத்தைச் சாய்த்துப் பார்க்க ஒரு பேராசிரியர் தேவைப்பட்டிருக்கிறார். நியாயமாக அவருக்கு அவள் நன்றி சொல்ல வேண்டும்.

சொல்ல மாட்டாள். நானும் சொல்ல விடமாட்டேன்.

6

அன்று சாயங்காலம் வீட்டில் எல்லாவற்றையும் கொட்டினாள். காதலி வரைக்கும் வந்தபோது அம்மா குழம்புக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

“இந்த மனுஷனா? காதலியா? என் பொறந்த தேதியே இவருக்குத் தெரியாது.”

“எழுபத்தெட்டு மைல் தள்ளி இருக்காளாம்,” என்றார் அப்பா. “நல்லவேளை.”

“என்ன நல்லவேளை?”

“பக்கத்துல இருந்தா அவளும் திட்டுவா.”

அவளுக்குச் சிரிக்க வரவில்லை. “அப்பா, வெளையாடாதே. அந்த அளவை நீ எழுதியிருந்தே. நான்தான் அழிச்சேன்.”

அப்பா அவளையே பார்த்தார். பிறகு சிரித்தார், அன்றைக்கு மேலாளர் வீட்டில் சிரித்தாரே, அந்தச் சிரிப்பு.

“என்னைத் தேத்தறதுக்காகச் சொல்றே.”

“சத்தியமாப்பா.”

“படிச்ச பொண்ணு, நல்லாத்தான் சோடிக்கிறே. நான் எழுதல பாப்பா. எழுதியிருந்தா பக்கத்துல இருந்திருக்கும். அன்னிக்கு என் மண்டை என்னை ஏமாத்திடுச்சு. அதை ஒத்துக்கிட்டுப் பன்னெண்டு வருஷம் ஆச்சு. இப்ப எதுக்கு?”

“தடம் இன்னும் இருக்குப்பா. சார் படிச்சிருக்கார்.”

“உங்க சார் அதுல பொம்பளையவே பாத்திருக்கார். அவர் கண்ணை நம்பச் சொல்றியா?” எழுந்து கை கழுவப் போனவர், குழாயடியில் நின்று திரும்பாமலே சொன்னார். “கொண்டா. அந்தப் பக்கத்தைக் கொண்டா, பாப்போம்.”

[வாய்ச்சொல்லே போதாதா, இதற்குப் புத்தகம் எதற்கு என்று கேட்கத் தொடங்கியிருந்தீர்கள். இதற்குத்தான். தச்சரிடம் கதை சொல்லிப் பயனில்லை. கட்டையைக் கையில் கொடுக்க வேண்டும்.]

ஒன்றைச் சொல்ல விட்டுப்போயிற்று. ஒரு கல்லூரியில் விரிவுரையாளர் வேலைக்கு அவள் விண்ணப்பித்திருந்தாள். அவளுடைய நெறியாளரான பேராசிரியரின் பரிந்துரைக் கடிதம் மட்டும் பாக்கி. கொடுக்கக் கடைசி நாள் புதன்கிழமை, மாலை நாலு மணி. துறை வழக்கப்படி அந்தக் கடிதத்தையும் அவளே தட்டச்சு செய்தாள், அவர் சொல்லச் சொல்ல. ‘நிதானமானவர், பணிவுள்ளவர்.’ அது அவர் மேசைமேல், கையெழுத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

7

பேராசிரியர் கண்ணாடியைத் துடைத்து முடித்துவிட்டார்.

“எந்தப் புத்தகம்மா?”

“கப்பல் சமையல்காரர்.”

“அது என்னோடதாச்சே. மொதப் பக்கத்துல சீட்டு இருக்கே.”

“சீட்டுக்கு அடியில என் பேர் இருக்கு சார். ரெண்டு கோடு போட்டிருப்பேன்.”

அவர் எழுந்துபோய்ப் புத்தகத்தை எடுத்தார். முதல் பக்கத்தைத் திறக்கவில்லை. அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. காது மடல் சிவந்ததில் தெரிந்தது. [இந்தச் சிவப்பை எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும். மனுஷன்தானே.]

“நீ குடுத்ததா? அட. சொல்லியிருக்கலாமே. ஆனா அந்தக் கட்டுரையைத் தட்டினியே, எப்படி வந்திருக்கு?”

“அது காதலி இல்ல சார். குளியலறைக் கதவு.”

“என்னது?”

“எழுபத்தெட்டே கால் உயரம், இருபத்தொன்பதரை அகலம். அங்குலம். எங்கப்பா எழுதினது. நான் அழிச்சது.”

பேராசிரியர் புத்தகத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், வெடித்துச் சிரித்தார். நல்ல சிரிப்பு, வஞ்சம் இல்லாதது. கண்ணில் தண்ணீர் வந்து மறுபடி கண்ணாடியைக் கழற்றினார்.

“குளியலறைக் கதவா! அய்யய்யோ. ரெண்டு நாள் உக்காந்து அந்தப் பொண்ணோட வயசைக் கணக்குப் போட்டேம்மா.” சிரிப்பு அடங்கியதும் புத்தகத்தைத் திறக்காமல் மேசைமேல் வைத்து, மேலே உள்ளங்கையை வைத்துக்கொண்டார். “ஆனா ஒண்ணு சொல்றேன். கதவைவிடக் காதலி நல்லா இருக்கா. படிக்கிறவனுக்கு அது போதும். நாளைக்குப் படம் எடுக்க ஆள் வரான், இந்தக் கடைசிப் பக்கத்தை. அப்புறம் தொடர் புத்தகமா வரப்போகுது. அதெல்லாம் முடியட்டும். நானே உன் வீட்டுக்குக் கொண்டுவந்து தரேன்.”

“இன்னிக்கு வேணும் சார்.”

“என்ன அவசரம்?”

அவள் சொல்லவில்லை. அப்பாவின் பன்னிரண்டு வருஷத்தை அந்த மேசைமேல் வைத்தால், பத்தாவது கட்டுரை தயாராகிவிடும் என்று அவளுக்குத் தெரியும்.

அவர் கடிதத்தை இழுத்து முன்னால் வைத்தார். பேனா மூடியைத் திறந்தார். குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் எனக்கு எழுதச் சுலபமாக இருந்திருக்கும்.

“பாரும்மா. இதுல நிதானமானவள், பணிவுள்ளவள்னு நான் கையெழுத்துப் போடணும். நீ இப்படி வந்து நின்னா, என் மனசாட்சிக்கு நான் என்ன பதில் சொல்றது? போய்த் தண்ணி குடிச்சிட்டு வா. வந்து கடிதத்தை வாங்கிக்கோ. புத்தகம் எங்கேயும் ஓடாது.”

8

இங்கே நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். அவள் போகவில்லை.

முடிவுகள் மூன்று எழுதிவைத்திருக்கிறேன். உங்களுக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்வதுதான் இந்த மாதிரிக் கதைகளில் மரியாதை.

முதலாவது. பேராசிரியர் மனம் உருகி, புத்தகத்தைக் கொடுத்து, கடிதத்திலும் கையெழுத்துப் போட்டு, ‘உன் அப்பாவை நான் பார்க்க வேண்டும்’ என்கிறார். மூன்று வரி எழுதினேன். நாலாவது வரியில் அவரே நிமிர்ந்து, “இது நான் இல்லியேம்மா” என்றார். மடித்து வைத்துவிட்டேன்.

இரண்டாவது. அவள் போட்ட சத்தத்தில் துறை முழுக்க ஓடிவருகிறது. ஆளாளுக்குத் தங்கள் புத்தகங்களைப் பிடுங்கிக்கொள்கிறார்கள். அலமாரியில் மிஞ்சுவது தொலைபேசிப் புத்தகமும் நாட்காட்டியும். எழுதும்போது வாய்விட்டுச் சிரித்தேன். ஆனால் அடிக்குறிப்பு அண்ணன் ஓடிவரமாட்டார். அவர் கதவுக்கு வெளியேதான் நின்றுகொண்டிருந்தார், ஒரு கோப்பைப் புரட்டுகிற பாவனையில், மூச்சுக்கூட விடாமல்.

மூன்றாவது. அவள் தண்ணீர் குடித்துவிட்டு வருகிறாள். கடிதத்தை வாங்கிக்கொள்கிறாள். புத்தகம் அப்புறம் வரும், வேலை முக்கியம், அப்பாவே அப்படித்தான் சொல்வார். இதுதான் வழக்கமாக நடப்பது. நீங்களும் நானும் இப்படித்தான் எதையாவது எங்கேயாவது விட்டுவிட்டு, நல்ல பெயரோடு வீடு திரும்பியிருக்கிறோம். இதையே முடிவாக வைத்து, கீழே தேதியும் போட்டுவிட்டேன்.

அப்போதுதான் முதல் பகுதியைத் திருத்துவதற்காகப் படித்தேன். ‘தோளில் ஒரு காலிப் பை.’

இதை நான் ஏன் எழுதினேன்? சத்தியமாக யோசித்து எழுதவில்லை. தோள் வெறுமையாக இருக்கிறதே என்று மாட்டிவிட்டேன். கடிதம் வாங்கப் போகிறவள் மடங்காமல் இருக்க ஒரு கோப்பு கொண்டுபோவாள். பை கொண்டுபோகமாட்டாள். நான் இங்கே உட்கார்ந்து மூன்று முடிவுகளைச் சீவிச் சீவிக் கூர்மையாக்கிக்கொண்டிருக்க, அவள் வீட்டிலிருந்து கிளம்பும்போதே நாலாவதைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். குழாயடியில் அப்பா ‘கொண்டா’ என்று சொன்னாரே, அப்போதே முடிந்துபோன விஷயம் இது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

9

அவள் மேசையிலிருந்து கடிதத்தைத்தான் முதலில் எடுத்தாள். பேராசிரியர் புன்னகைத்தார். எடுத்த கடிதத்தை, ‘பணிவுள்ளவர்’ என்ற வரி மேலே தெரிகிற மாதிரி மடித்து, அவருடைய பேனா ஸ்டாண்டில் செருகினாள்.

“இது நீங்க சொல்லி நான் தட்டினது சார். நீங்களே வச்சுக்குங்க. அது என்னோடது.”

அவருடைய உள்ளங்கைக்கு அடியிலிருந்து புத்தகத்தை உருவினாள். அவர் அழுத்திப் பிடிக்கவில்லை, விட்டும் கொடுக்கவில்லை. ஒரு நொடி இரண்டு பேரும் இழுத்தார்கள், பேராசிரியரும் மாணவியும், ஒரு கப்பல் சமையல்காரரின் இரண்டு முனைகளைப் பிடித்துக்கொண்டு. பிறகு அவர் கையை எடுத்துவிட்டார்.

“அந்த வேலை போயிடும்மா.”

“தெரியும் சார்.”

“கட்டுரைக்கு நான் என்ன செய்யறது?”

“ஒரு வார்த்தையை மாத்துங்க போதும். காதலன்னு இருக்கிற இடத்துல தச்சர்னு போடுங்க.”

“வயசு?”

“அகலம்.”

புத்தகம் பைக்குள் போயிற்று. போகிற வழியில் அலமாரியைப் பார்த்தாள். அவள் புத்தகம் நின்ற இடத்தில் ஒரு சந்து. பக்கத்துப் புத்தகம் அதில் சரிந்துகொண்டிருந்தது. சரிந்தே நின்றால் முதுகு வளைந்துவிடும். வளர்ந்த விதம் அப்படி, பார்த்துக்கொண்டு போக முடியவில்லை. இரண்டு கையாலும் அந்த வரிசையை நெருக்கி நிமிர்த்தி வைத்தாள்.

[இதற்கப்புறம் ஒரு பகுதி உண்டு. வீட்டு வாசலில் சாயங்கால வெளிச்சம், அப்பா கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வருவது, அந்தக் கடைசிப் பக்கம். அதை நான் எழுதவில்லை. எழுதினால் அழகாக நனைத்துவிடுவேன் என்று பயமாக இருக்கிறது. பக்கத்தைச் சாய்த்துப் பிடிக்க வேண்டியது நீங்கள். கட்டை விரலால் தடவிப் பாருங்கள். அவர் அப்படித்தான் பார்ப்பார். என்ன சொல்வார் என்பதை உங்கள் கைக்கு எட்டிய புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதிவையுங்கள். அழுத்தி எழுதுங்கள்.]

கதவருகே நின்றாள்.

“கீழ்க் கீல் தளர்ந்திருக்கு சார். அதான் உரசுது. எங்கப்பாவை அனுப்பறேன்.”

“அவர் கதவு வேலையெல்லாம் செய்யறதில்லைன்னு சொன்னியே, சேர்ந்த புதுசுல?”

“இன்னிக்கு வரைக்கும்.”

வெளியே அடிக்குறிப்பு அண்ணன் கோப்பைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் தோளில் பை கனப்பதைப் பார்த்தார். ஒதுங்கி வழிவிட்டார். அவள் கைப்பிடியைப் பிடித்து, கதவைக் கொஞ்சம் தூக்கி, இழுத்தாள். உரசாமல் மூடிக்கொண்டது.